ஆட்டம் முதலில், ராட்டினம் பிறகு

2024-ஆம் ஆண்டின் உலக செஸ் சாம்பியன் போட்டி ஒரு தீம் பார்க் வளாகத்துக்குள் நடந்தது. சிங்கப்பூரின் தென்கரையை ஒட்டிய செந்தோசா தீவில் ரிசார்ட்ஸ் வேர்ல்டு செந்தோசா என்ற பெரிய உல்லாச வளாகம் இருக்கிறது. யுனிவர்சல் ஸ்டுடியோஸ், நீர்விளையாட்டுப் பூங்கா, கேசினோ, வரிசையாக ஹோட்டல்கள் என எல்லாம் ஒரே இடத்தில். அந்த ஹோட்டல்களில் ஒன்றான ஈக்வேரியஸில், வெளிச்சத்தம் புகாத கண்ணாடி அறையில், சீனாவின் டிங் லிரனும் சென்னையின் டி. குகேஷும் நவம்பர் 25 முதல் டிசம்பர் 12 வரை 14 ஆட்டங்கள் ஆடினார்கள். பரிசுத் தொகை 25 லட்சம் டாலர். கூப்பிடு தூரத்தில் 42 மீட்டர் உயரத்துக்கு எழும்பி இறங்கும் இரட்டை ரோலர் கோஸ்டர். குகேஷுக்கு அப்போது வயது 18. அந்த வயதுப் பிள்ளைகள் சிங்கப்பூருக்குப் போவதே அந்தப் பூங்காவுக்காகத்தான்.

போட்டியை நடத்தத் தமிழ்நாடும் விண்ணப்பித்திருந்தது. அது சென்னைக்குக் கிடைத்திருந்தால் மேல் அயனம்பாக்கத்துப் பிள்ளைகள் பள்ளி வேனில் போய்ப் பார்த்துவிட்டு வந்திருப்பார்கள். குகேஷ் படித்த வேலம்மாள் வித்யாலயா அங்கேதான், அம்பத்தூருக்கும் திருவேற்காட்டுக்கும் இடையில் இருக்கிறது. கொஞ்சம் கிழக்கே வந்தால் பாடி. ஆர். பிரக்ஞானந்தாவும் அவருடைய அக்கா வைஷாலியும் வளர்ந்த இடம். பிரக்ஞானந்தா படித்தது பக்கத்து முகப்பேரில். உலகத் தரத்தில் ஆடும் மூன்று பேர் சில கிலோமீட்டர் சுற்றளவில் படித்தும் வளர்ந்தும் வந்திருக்கிறார்கள். கடுமையான பயிற்சியையும், பிள்ளைப் பருவத்துக்கு உரிய ஊர்சுற்றலையும் ஒரு வீடு எப்படிச் சேர்த்து நடத்துகிறது என்ற கேள்விக்கு, சென்னையின் இந்த மேற்குப் புறநகரைவிட நல்ல உதாரணம் கிடைப்பது அரிது.

செந்தோசாவில் போட்டி அட்டவணையே பாதி பதிலைச் சொல்லிவிட்டது. மூன்று நாள் ஆட்டம், ஒரு நாள் ஓய்வு. மறுபடி மூன்று நாள் ஆட்டம், ஒரு நாள் ஓய்வு. கடைசி இரண்டு ஆட்டங்களுக்கு முன்பும் ஒரு நாள் விடுப்பு. நவம்பர் 28, டிசம்பர் 2, 6, 10 என நான்கு ஓய்வு நாட்கள். ஓர் ஆட்டம் மாலை 5 மணிக்குத் தொடங்கும். முதல் 40 நகர்த்தல்களுக்கு ஒவ்வொருவருக்கும் இரண்டு மணி நேரம், அதன் பிறகு கூடுதலாக அரை மணி நேரம். இழுத்தால் இரவு பத்தைத் தாண்டும். அறைக்குத் திரும்பி, சாப்பிட்டு, மனம் அடங்கித் தூங்கவே நள்ளிரவாகும். மறுநாள் காலையில் பயிற்சிக் குழுவுடன் அடுத்த ஆட்டத்துக்கான தயாரிப்பு. இந்த நெருக்கடியில் ஓய்வு நாள் என்பது ஊர் சுற்ற விட்ட நாள் அல்ல. மூளை பழைய ஆட்டத்தை இறக்கிவைத்துவிட்டுப் புதிய ஆட்டத்துக்கு இடம் விடும் நாள்.

அப்படி ஓர் ஓய்வு நாளில் குகேஷும் அவருடைய பயிற்சியாளர் கிரெகோர்ஸ் கஜெவ்ஸ்கியும் கடற்கரையோரம் நடந்துகொண்டிருந்தார்கள். ஒருவர் காலில் கயிற்றைக் கட்டிக்கொண்டு கோபுரத்தின் மேலிருந்து குதிப்பது கண்ணில் பட்டது. குகேஷ் பட்டம் வென்றால் தானும் அப்படிக் குதிப்பதாகக் கஜெவ்ஸ்கி சொன்னார். நானும் வருகிறேன் என்று குகேஷ் வாய்விட்டுவிட்டார். பங்கீ ஜம்ப் என்றாலே தனக்குப் பயம் என்று பின்னாளில் அவரே சொன்னார். கவனிக்க வேண்டியது, அன்று அவர்கள் குதிக்கவில்லை என்பதைத்தான். கோபுரம் பக்கத்தில் இருந்தது, நாளும் ஓய்வு நாள், காசும் ஒரு பிரச்சினை இல்லை. இருந்தும் பார்த்தார்கள், பேசினார்கள், ஒரு தேதிக்குப் பின்னால் அதைத் தள்ளிவைத்தார்கள், நடந்து அறைக்குத் திரும்பினார்கள்.

அந்த அணியில் இருந்த இன்னொருவர் மனப் பயிற்சியாளர் பேடி அப்டன். 2011-இல் உலகக் கோப்பை வென்ற இந்திய கிரிக்கெட் அணியுடனும், 2024-இல் பாரிஸில் வெண்கலம் வென்ற இந்திய ஹாக்கி அணியுடனும் பணியாற்றியவர். ஆடாத நேரத்தை எப்படிக் கழிப்பது என்பதும், தூக்கமும் அவருடைய வேலையின் பெரும்பகுதி. ஆடும் நான்கைந்து மணி நேரத்தைவிட, ஆடாமல் இருக்கும் இருபது மணி நேரம்தான் நீண்ட போட்டிகளை முடிவு செய்கிறது என்பது விளையாட்டு உலகில் இப்போது எல்லோரும் ஒப்புக்கொண்ட விஷயம்.

முதல் ஆட்டத்திலேயே குகேஷ் தோற்றார். மூன்றாவதில் வென்றார். பதினொன்றாவதில் வென்று முன்னிலை பெற்றார், மறுநாளே டிங் அதைப் பறித்துக்கொண்டார். டிசம்பர் 12 அன்று கடைசி ஆட்டத்தில் குகேஷ் கறுப்புக் காய்களுடன் ஆடினார். அது டிராவில் முடியும், மறுநாள் விரைவு ஆட்டங்கள் என்று உலகமே நினைத்துக்கொண்டிருந்தது. 55-ஆவது நகர்த்தலில் டிங் யானையை எஃப்-2 கட்டத்துக்கு இழுத்தார். அது பிழை. குகேஷ் ஒரு நொடி நம்பாமல் பலகையைப் பார்த்தார், முகம் மாறியது, தண்ணீர் குடித்தார், பிறகு சரியான நகர்த்தலைச் செய்தார். மூன்று நகர்த்தல்களுக்குப் பிறகு டிங் கை கொடுத்தார். 7.5–6.5. உலகின் மிக இளைய சாம்பியன் ஆகிவிட்ட பிறகும், கண்ணீரைத் துடைத்துக்கொண்டே, ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பின்னும் செய்வதுபோலக் காய்களைப் பழையபடி அடுக்கிவைத்தார்.

பட்டமளிப்பு முடிந்த பிறகுதான் அவர் கோபுரத்தில் ஏறினார். ஏறத்தாழ ஐம்பது மீட்டர் உயரத்திலிருந்து தலைகீழாகக் குதித்து, பயிற்சியாளருக்குக் கொடுத்த வாக்கை நிறைவேற்றி, அந்தக் காணொளியையும் வெளியிட்டார். டிசம்பர் 16 அன்று சென்னை திரும்பினார். அந்த மாதக் கடைசியில் நியூயார்க்கில் நடந்த உலக ரேபிட், பிளிட்ஸ் போட்டிகளுக்குப் போகவில்லை. பெரிய போட்டிக்குப் பிறகு உடனே அடுத்த விமானம் ஏறாமல் விட்டதையும் பயிற்சியின் ஒரு பகுதி என்றே சொல்லலாம்.

விட முடியாத பயணங்களும் உண்டு. 2025 ஜனவரி 17 அன்று டெல்லியில் குடியரசுத் தலைவர் கையால் கேல் ரத்னா விருது பெற்ற குகேஷ், மறுநாள் பிற்பகல் நெதர்லாந்தின் வெய்க் ஆன் சீ ஊரில் டாடா ஸ்டீல் போட்டியின் முதல் சுற்றுக்கு உட்கார வேண்டியிருந்தது. விமானக் களைப்பு, நான்கரை மணி நேர வித்தியாசம், கடுங்குளிர். அன்று அனிஷ் கிரியிடம் தோற்கும் நிலைக்குப் போய், எதிராளியின் பிழையால் தப்பி வென்றார். 13 சுற்றுகள் முடிந்தபோது அவரும் பிரக்ஞானந்தாவும் சம புள்ளிகளில் நின்றார்கள். டை-பிரேக்கில் பிரக்ஞானந்தா பட்டத்தை எடுத்துக்கொண்டார். நெதர்லாந்துக் கடற்கரைக் கிராமத்தில் நடந்த அந்தக் கடைசி ஆட்டம், ஒருவகையில் பாடிக்கும் மேல் அயனம்பாக்கத்துக்கும் இடையே நடந்தது.

பாடியில் அந்தக் குடும்பம் செஸ்ஸுக்கு வந்ததே, பிள்ளைகள் டிவி முன்னால் உட்கார்ந்து கார்ட்டூன் பார்ப்பதைக் குறைக்கத்தான். வைஷாலியை முதலில் சேர்த்தார்கள், தம்பி அக்காவைப் பார்த்துப் பலகைக்கு வந்தான். தந்தை ரமேஷ்பாபு வங்கி ஊழியர். வெளியூர், வெளிநாடு என்று பிள்ளைகளுடன் போய்வந்தவர் தாய் நாகலட்சுமி. போகிற ஊரிலெல்லாம் பிள்ளைகளுக்குச் சோறும் ரசமும் கிடைக்க வேண்டும் என்று ரைஸ் குக்கரைப் பெட்டியில் வைத்துக்கொண்டு போனது ஊரறிந்த செய்தி. ஆர்.பி. ரமேஷிடம் பயிற்சி, பிறகு வீட்டில் தொடர்ச்சி. 2022 மே மாதம் செஸ்ஸபிள் மாஸ்டர்ஸ் இணையவழிப் போட்டியில் அனிஷ் கிரியை வென்று பிரக்ஞானந்தா இறுதிக்குப் போனபோது, நேரம் நள்ளிரவைத் தாண்டி இரண்டு மணி. காலையில் பதினொன்றாம் வகுப்புத் தேர்வு. சில மணி நேரம் தூங்கி எழுந்து பள்ளிக்குப் போனான் அந்தப் பையன். இறுதியில் அவனை வென்றவர் டிங் லிரன்.

குகேஷ் வீட்டின் கதை வேறு வகை. நான்காம் வகுப்புக்குப் பிறகு முழுநேரப் பள்ளிப் படிப்பை நிறுத்தினார்கள். காது மூக்கு தொண்டை மருத்துவரான தந்தை ரஜினிகாந்த் தொழிலைத் தள்ளிவைத்துவிட்டு மகனுடன் ஊர் ஊராகப் போனார். நுண்ணுயிரியல் மருத்துவரான தாய் பத்மாவின் வருமானத்திலும் நண்பர்களின் உதவியிலும் வீடு நடந்தது. கிராண்ட்மாஸ்டர் விஷ்ணு பிரசன்னாவிடம் பயின்ற காலத்தில் கம்ப்யூட்டர் உதவி இல்லாமலே பயிற்சி. 2019 ஜனவரியில், 12 வயது 7 மாதத்தில், கிராண்ட்மாஸ்டர் பட்டம். 2013 நவம்பரில் சென்னை ஹயாத் ரீஜென்சியில் ஆனந்தும் கார்ல்சனும் உலகப் பட்டத்துக்காக ஆடியபோது கண்ணாடி அறைக்கு வெளியே உட்கார்ந்து பார்த்த ஏழு வயதுச் சிறுவன், பதினோரு ஆண்டுகளில் அந்த அறைக்குள் போய்விட்டான்.

இப்படி எல்லாவற்றையும் துறந்தால்தான் விளையாட்டில் முன்னேற முடியும் என்று சில பெற்றோர் இந்தக் கதைகளிலிருந்து பாடம் எடுத்துக்கொள்கிறார்கள். அது தவறான பாடம். பத்து வயதுப் பிள்ளைக்கு ராட்டினமும் தண்ணீர் விளையாட்டும் தேவை. எந்த நாளில் என்பதுதான் கேள்வி.

மேற்குப் புறநகரில் அந்தக் கேள்வி அடிக்கடி வரும். பூந்தமல்லியைத் தாண்டிப் பெங்களூரு நெடுஞ்சாலையில் போனால் பழஞ்சூரில் குயின்ஸ்லேண்ட் பூங்கா இருக்கிறது. தாம்பரம் பக்கம் 1995-இல் தொடங்கிய கிஷ்கிந்தாவை இங்கே வளர்ந்த பெரியவர்கள் பலர் பள்ளிச் சுற்றுலாவில் பார்த்தவர்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் விஜிபியும் எம்ஜிஎம்மும். 2025 டிசம்பரில் திருப்போரூர் அருகே இள்ளலூரில் வொண்டர்லா திறந்தது. கொச்சி, பெங்களூரு, ஐதராபாத், புவனேஸ்வர் என்று வளர்ந்த அந்த நிறுவனத்தின் ஐந்தாவது பூங்கா. ஆவடியிலிருந்தும் பூந்தமல்லியிலிருந்தும் வெளிவட்டச் சாலையைப் பிடித்து வண்டலூரில் இறங்கிக் கேளம்பாக்கம் வழியாகப் போய்விடலாம். முன்பெல்லாம் பெங்களூருக்குப் போய்ப் பார்த்துவர இரண்டு நாள் வேண்டும். இப்போது விடியலில் கிளம்பினால் இரவுக்குள் வீடு. எளிதாகிவிட்டதாலேயே போட்டி வாரத்திலும் அந்த எண்ணம் எட்டிப் பார்க்கிறது.

பள்ளி விளையாட்டின் நாட்காட்டியும் சுற்றுலாவின் நாட்காட்டியும் மோதும் இடங்கள் தெரிந்தவையே. கல்வியாண்டின் முதல் பாதியில் குறுவட்டப் போட்டிகள், அதில் வென்றால் மாவட்டம், பிறகு மாநிலம். பாரதியார் தின, குடியரசு தின விளையாட்டுகள் என்று ஜனவரி வரை இழுக்கும். நடுவில் முதலமைச்சர் கோப்பை. அம்பத்தூர் வட்டம் 2018-இல் சென்னை மாவட்டத்தோடு சேர்ந்தது. ஆவடியும் பூந்தமல்லியும் திருவள்ளூர் மாவட்டம். அதனால் ஒரே மைதானத்தில், ஒரே பயிற்சியாளரிடம் ஓடும் இரண்டு பிள்ளைகளுக்குத் தேர்வுப் போட்டி வெவ்வேறு தேதியில், வெவ்வேறு ஊரில் வரும். அகாடமி முழுவதும் சேர்ந்து ஒரு சுற்றுலா போவது என்றால் இரண்டு மாவட்டத் தேதிகளையும் பார்த்தாக வேண்டும். பள்ளிகளோ அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகுதான் டூர் அறிவிக்கின்றன. மாநிலப் போட்டிக்குத் தகுதி பெற்ற பிள்ளைக்கு அது மிக மோசமான நேரம். செஸ், ஷட்டில், நீச்சல் என்று சங்கங்கள் நடத்தும் போட்டிகளோ கோடை விடுமுறையில் குவியும். குடும்பம் வெளியூர் கிளம்புவதும் அப்போதுதான். காணும் பொங்கலன்று பூங்காக்களில் கால் வைக்க இடம் இருக்காது. அதே ஜனவரியில்தான் சென்னை மாரத்தானும் வருகிறது. ஆவடி எச்.வி.எஃப். எஸ்டேட் பக்கம் அதிகாலை இருட்டில் ஓடிப் பழகுகிறவர்கள் மாதக்கணக்கில் காத்திருப்பது அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைக்காக.

ஒரு நாள் பூங்காவில் உடம்புக்கு என்ன ஆகிறது என்பதைப் பலர் குறைத்து எடைபோடுகிறார்கள். விளையாட்டுதானே, களைப்பு என்ன களைப்பு என்ற நினைப்பு. காலை பத்து மணியிலிருந்து மாலை ஆறு வரை சிமெண்ட் தரையில் நடையும் நிற்பும். அதில் பெரும்பகுதி வரிசையில் நிற்பது. நடப்பதைவிட ஒரே இடத்தில் நிற்பதுதான் கெண்டைக்காலையும் இடுப்பையும் அதிகம் இறுக்கும். சித்திரை, வைகாசியில் சென்னை வெயில் 40 டிகிரியைத் தொடும். ஈரத் துணியோடு இருப்பதால் வியர்ப்பதே தெரியாமல் நீர் வற்றும். ரோலர் கோஸ்டரின் வளைவுகளில் தலை எடையின் மூன்று, நான்கு மடங்கு விசை சில நொடிகள் கழுத்தில் ஏறும். நலமான உடம்புக்கு அதனால் கெடுதல் இல்லை. கழுத்திலோ முதுகிலோ ஏற்கெனவே பிடிப்பு இருப்பவருக்கு அது மறுநாள் நினைவூட்டும். பழக்கமில்லாத வேலையால் வரும் தசை வலி அன்றே வராது. ஒரு நாளிலிருந்து மூன்று நாளுக்குள் உச்சத்துக்குப் போகும். சனிக்கிழமை பூங்காவுக்குப் போய்விட்டுத் திங்கட்கிழமை தடத்தில் நிற்கும் ஓட்டக்காரர் சரியாக அந்த உச்சத்தில் நிற்கிறார்.

பாதிப்பு ஆட்டத்துக்கு ஆட்டம் மாறும். வெறுங்காலோடு ஈரத் தரையில் நடந்து பாதத்தில் கொப்புளம் வந்தால் கபடி வீரருக்கும் ஓட்டக்காரருக்கும் ஒரு வாரம் போச்சு. அலைக்குளத்து நீர் காதில் நின்று சீழ் பிடித்தால் நீச்சல் வீரர் குளத்தில் இறங்க முடியாது. செஸ் ஆடுகிறவருக்கு உடல் வலியைவிடத் தூக்கக் கேடுதான் எதிரி. பதின்ம வயதினருக்கு எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது மருத்துவர்களின் பரிந்துரை. பூங்காவிலிருந்து நெரிசலில் ஊர்ந்து வீடு வந்து, பதினொரு மணிக்குப் படுத்து, காலை ஐந்துக்கு எழுந்தால் ஆறு மணி நேரம்தான் தேறும். எடைப் பிரிவு விளையாட்டுகளில் இன்னும் கண்டிப்பு. 2024 ஆகஸ்டில் பாரிஸ் ஒலிம்பிக் இறுதிப் போட்டியன்று காலை, மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகட் 50 கிலோ பிரிவில் 100 கிராம் கூடுதலாக இருந்ததற்காகத் தகுதி நீக்கம் செய்யப்பட்டார். மல்யுத்தம், குத்துச்சண்டை, பளுதூக்கல் ஆடும் பிள்ளைக்கு எடை பார்க்கும் நாளுக்கு முன்னால் பூங்காவின் பொரித்த உணவும் உப்பும் எவ்வளவு ஆபத்து என்று அதிலிருந்தே கணக்குப் போடலாம். நனைந்து சளி பிடித்தால் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் மாத்திரையிலும் கவனம் வேண்டும். சில சளி மருந்துகளில் இருக்கும் சூடோஎபிட்ரின் போட்டிக் காலத்தில் அளவுக்கு மேல் உடலில் இருந்தால் ஊக்கமருந்துக் குற்றம்.

மறுபக்கமும் சொல்ல வேண்டும். நன்கு பயின்ற உடம்பு இரண்டு மூன்று நாள் ஓய்வில் எதையும் இழப்பதில்லை. மூச்சுத் திறன் கண்ணுக்குத் தெரியும்படி குறைய ஏறத்தாழ இரண்டு வாரம் சும்மா இருக்க வேண்டும். போட்டிக்கு முந்தைய இரண்டு வாரத்தில் பயிற்சியின் வேகத்தைக் குறைக்காமல் அளவை மட்டும் ஏறக்குறையப் பாதியாகக் குறைப்பது உலகெங்கும் உள்ள வழக்கம். டேப்பர் என்று பயிற்சியாளர்கள் சொல்வது அதைத்தான். இங்கேதான் பல வீடுகள் சறுக்குகின்றன. பயிற்சி குறைந்திருக்கிறதே, பிள்ளை சும்மாதானே இருக்கிறான், ஒரு நாள் பூங்காவுக்குப் போய் வரலாமே என்று தோன்றும். அந்தக் குறைப்பு, மாதக்கணக்கில் சேர்ந்த களைப்பை உடம்பு கழிப்பதற்காக விட்ட இடைவெளி. அதை வெயிலிலும் வரிசையிலும் செலவழித்தால் டேப்பரின் பலன் போய்விடும்.

போட்டியும் பூங்காவும் ஒரே இடத்தில் அமையும் ஏற்பாடு செந்தோசாவோடு நிற்கவில்லை. 2020-இல் கொரோனா காலத்தில் அமெரிக்காவின் என்பிஏ கூடைப்பந்துப் போட்டிகள் புளோரிடாவின் வால்ட் டிஸ்னி வேர்ல்டு வளாகத்துக்குள் நடத்தப்பட்டன. 22 அணிகள் டிஸ்னி ஹோட்டல்களில் அடைபட்டு ஆடின. ஜூலையில் தொடங்கிய அந்த ஏற்பாடு அக்டோபர் வரை நீடித்தது. பூங்காக்கள் ஜூலையிலேயே பொதுமக்களுக்குத் திறந்துவிட்டன. வீரர்களுக்கு அனுமதித்தது மீன் பிடிப்பது, கோல்ஃப் போன்ற சிறு பொழுதுபோக்குகள்தான்.

அதே டிஸ்னி வளாகத்தில் 1994 முதல் ஜனவரி மாதம் ஒரு மாரத்தான் நடக்கிறது. பூங்காக்களின் நடுவே ஓடும் அந்த ஓட்டத்துக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் குடும்பத்தோடு சுற்றுலாவும் சேர்த்தே திட்டமிடுகிறவர்கள். 2014-இலிருந்து அங்கே நான்கு நாள் தொடர் சவால் ஒன்றும் உண்டு. 5 கி.மீ., 10 கி.மீ., அரை மாரத்தான், முழு மாரத்தான் என்று அடுத்தடுத்த நாட்களில் மொத்தம் 78 கிலோமீட்டர். ஓட்டம் விடியலுக்கு முன்பே தொடங்கும், அதனால் அதிகாலை இரண்டு மூன்று மணிக்கே எழ வேண்டும். அனுபவப்பட்டவர்கள் ஓட்டத்துக்கு முந்தைய நாட்களில் பூங்காவுக்குள் நடப்பதைக் குறைத்துக்கொள்கிறார்கள். பதக்கம் கழுத்தில் ஏறிய பிறகுதான் ராட்டினங்களின் பக்கம் போகிறார்கள். வென்றவுடன் டிஸ்னிக்குப் போகிறேன் என்று வீரர்கள் கேமரா முன்னால் சொல்லும் விளம்பர வழக்கம் 1987-இல் அமெரிக்கக் கால்பந்து வீரர் பில் சிம்ஸிடமிருந்து தொடங்கியது. விளம்பரம்தான் என்றாலும் வரிசை சரியாக இருக்கிறது.

பரிசாகப் பூங்காவைக் காட்டும் வழக்கம் நம் வீடுகளிலும் உண்டு. ஜெயிச்சா வொண்டர்லா என்று அப்பா சொல்கிற வாக்கு பிள்ளைக்கு உற்சாகம் தருவது உண்மை. ஆனால் அதில் ஒரு கொடுமையும் இருக்கிறது. குகேஷும் கஜெவ்ஸ்கியும் வெற்றியின் மேல் பந்தயம் கட்டியது, விளையாட்டாக, இருவரும் சமமாக நின்று. பத்து வயதுக் குழந்தை தோற்றுவிட்டு வரும்போது தோல்வியோடு சேர்த்துச் சுற்றுலாவையும் இழக்க வேண்டும் என்பது இரட்டைத் தண்டனை. அடுத்த போட்டியில் அந்தக் குழந்தையின் கை நடுங்கும். வைஷாலி 2025 ஆகஸ்டில், சொந்த ஊரில் நடந்த சென்னை கிராண்ட் மாஸ்டர்ஸ் போட்டியில் தொடர்ச்சியாக ஏழு ஆட்டங்கள் தோற்றார். அடுத்த மாதமே சமர்கண்டில் மகளிர் கிராண்ட் சுவிஸ் பட்டத்தை இரண்டாம் முறையாக வென்றார். தோற்ற ஆகஸ்டுக்கும் வென்ற செப்டம்பருக்கும் இடையில் ஒரு வீராங்கனைக்குத் தேவைப்பட்டது ஆதரவும் இளைப்பாறுதலும்தான். பூங்காவுக்குக் கூட்டிப்போகும் தேதி போட்டி முடிந்த வார இறுதி என்று இருக்கட்டும். முடிவு எதுவானாலும் அந்தத் தேதி மாறக் கூடாது.

வீட்டில் விளையாடும் பிள்ளை ஒன்றாகவும் விளையாடாத பிள்ளை ஒன்றாகவும் இருந்தால் இன்னொரு சங்கடம் வரும். பெரியவனுக்கு மாநிலப் போட்டி என்று தங்கையின் விடுமுறை ஆண்டுதோறும் கரைந்துபோகிறது. இதற்கு ஒரே வழி ஆண்டுத் தொடக்கத்திலேயே நாட்காட்டியில் இரண்டையும் குறிப்பதுதான். தெரிந்த போட்டித் தேதிகளை முதலில் எழுத வேண்டும். ஒவ்வொன்றுக்கும் முன்னால் இரண்டு வாரத்தை அடைத்துவிட வேண்டும். மிச்சமிருக்கும் இடத்தில் குடும்பப் பயணம். கூட்டம் குறைந்த வேலைநாள் கிடைத்தால் வரிசையில் நிற்பது பாதியாகும். போகும் நாளுக்கு மறுநாள் பயிற்சி இல்லை என்று பயிற்சியாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. அவரிடம் மறைத்துவிட்டுப் போய், மறுநாள் காலை வலியோடு மைதானத்தில் நிற்பதுதான் பெரும்பாலும் காயத்தில் முடிகிறது. வெளியூரில் போட்டி என்றால் பூங்காவைப் போட்டிக்குப் பின்னால், திரும்பும் நாளுக்கு முன்னால் வைக்கலாம். தங்கும் செலவு ஒரு நாள் கூடும், அவ்வளவுதான். நேர வித்தியாசம் உள்ள நாட்டுக்குப் போனால், வித்தியாசம் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஏறக்குறைய ஒரு நாள் உடம்பு பழகக் கேட்கும். சிங்கப்பூருக்கு இரண்டரை மணி நேரம், அதாவது இரண்டு மூன்று நாள் முன்னதாகவே போய்ச் சேர வேண்டும். அந்த நாட்களைப் பூங்காவுக்குக் கொடுத்துவிட்டால் முன்னதாகப் போனதில் பொருளில்லை.

வீடுகள் தனியாக இதைச் செய்து முடிக்க முடியாது. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரப் பள்ளிகள் சுற்றுலாத் தேதியை அறிவிக்கும் முன் உடற்கல்வி ஆசிரியரை அழைத்து, குறுவட்ட, மாவட்ட, மாநிலப் போட்டித் தேதிகளோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். போட்டியால் பஸ்ஸைத் தவறவிட்ட பிள்ளைகளுக்கு அடுத்த பருவத்தில் இன்னொரு பஸ் விட வேண்டும். அகாடமிகள் ஜூன் மாதமே ஆண்டு அட்டவணையைப் பெற்றோர் கையில் கொடுத்துவிட வேண்டும்.